ஒற்றைப்படை வந்தால் பாய்ச்சல்

நாத்தனாரை நாலு பேர் பார்க்கத் தூக்கியடித்துவிட்டு, அதற்குக் கைதட்டலும் வாங்கக்கூடிய இடம் அவளுக்குத் தெரிந்து உலகத்திலேயே ஒன்றுதான் இருந்தது. டயர் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருந்த அந்தக் கூடம். இதில் ஒரே ஒரு சங்கடம், இத்தனை காலமாக அங்கே தூக்கியடிக்கப்பட்டுக்கொண்டிருந்தது நாத்தனார் அல்ல, அவள்.

கீழே நட்டு கழற்றும் இயந்திரம் அலறிக்கொண்டே இருக்கும். படியேறினால் ரப்பர் வாசனையும் கூடவே ஏறி வரும். மேலே ஆறு பெரிய திரைகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால், உடைக்கப்போட்ட பேருந்திலிருந்து கழற்றி வந்த இருவர் சீட் ஒன்று. அதில் இரண்டு பேர் தோள் உரச உட்கார்ந்து, திரையில் இரண்டு உருவங்களை மோதவிடுவார்கள். எதிராளியின் தலைக்கு மேல் தெரியும் உயிர்க்கோடு தீரும்வரை அடிக்க வேண்டும். நடுவில் ஒரு கடிகாரம் இறங்கிக்கொண்டே வரும். அது பூஜ்யத்தைத் தொட்டுவிட்டால், யாருக்குக் கோடு அதிகம் மிச்சமோ அவருக்கு வெற்றி. கூடத்தை நடத்துகிறவர் ஒரு காலத்தில் தானே பெரிய ஆட்டக்காரராக இருந்தவர். இப்போது தொப்பையும் கையில் ஒரு மைக்குமாக ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வர்ணனை கொடுப்பார்.

கூடத்தில் எல்லோருக்கும் பட்டப்பெயர்தான். பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்து கொடுக்கும் லேபில் வேலை என்பதால் அவள் பெயர் பல்லு. நாத்தனார் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். ஆள் சின்னதாக, ஒல்லியாக, குத்துகிற வரைக்கும் இருப்பதே தெரியாமல் இருப்பாள். அதனால் குண்டூசி. பல்லுவை முதன்முதலில் இந்தக் கூடத்துக்கு அழைத்து வந்ததும் அவள்தான், பிறகு ஆள் பிடித்துப்போய்த் தன் அண்ணனுக்கே முடித்துவைத்ததும் அவள்தான். மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். குளியலறைக்குக் காலையில் யார் முதலில் என்பதைத் தவிர வேறு சண்டை கிடையாது. மற்ற சண்டையெல்லாம் திரையில் தீர்ந்துவிடும்.

கூடத்துக்கு ஓர் அணி உண்டு. நகர லீக்கில் ஆடும் அணி. நான்கு நாற்காலி, ஒரு மாற்று ஆள். பல்லு இரண்டு சீசனாக மாற்று ஆள். நாற்காலிகளுக்குப் பின்னால் நின்று துண்டும் தண்ணீர் பாட்டிலும் நீட்டுவாள். முன்னால் இருக்கும் நால்வரில் ஒருவருக்காவது காய்ச்சல் வரக்கூடாதா என்று அவள் மனதார வேண்டிக்கொண்ட சனிக்கிழமைகள் உண்டு. நால்வரும் குதிரைபோல் ஆரோக்கியமாக இருந்தார்கள். நான்காவது நாற்காலி குண்டூசியுடையது.

போன சீசன் அணி பாதியிலேயே வெளியே வந்துவிட்டதால், நான்காவது நாற்காலிக்குப் புதிதாகப் போட்டி வைப்பது என்று கூடத்துக்காரர் முடிவெடுத்தார். ஜெயிக்கிறவர் நாற்காலியில். கடைசியில் தோற்கிறவர் பின்னால், துண்டோடு. பல்லு பெயர் கொடுத்தபோது அவர் மைக்கை மூடிக்கொண்டு நல்லவிதமாகத்தான் சொன்னார். அவள் சுலபத்தில் தோற்கமாட்டாள், ஆனால் ஜெயிக்கவும் மாட்டாள், அணிக்கு அது போதாது என்றார். அவளால் மறுக்க முடியவில்லை.

அவர் சொன்னது எதைப் பற்றி என்று புரிய, எதிராளி கீழே விழுந்து எழுகிற அந்த ஒரு நொடியைப் பார்க்க வேண்டும். ஆட்டமே அதில்தான் இருக்கிறது. நிற்பவருக்கு இரண்டு வழி. பாய்ந்து, பிடித்துத் தூக்கியெறியலாம். இல்லை, பாயாமல் தற்காப்போடு நிற்கலாம். எழுகிறவருக்கும் இரண்டு வழி. கைகளால் மறைத்துக்கொண்டு ஒடுங்கி எழலாம். இல்லை, எழும்போதே மேல்நோக்கி ஒரு குத்து விடலாம். அதற்குக் கூடத்தில் எழுகுத்து என்று பெயர். ஒடுங்கி எழுகிறவர் மேல் பாய்ந்தால் பிடி விழும், லாபம். எழுகுத்து விடுகிறவர் மேல் பாய்ந்தால் நம் தாடை பெயரும். பாயாமல் நின்றுவிட்டாலோ, எழுகுத்து வீணாய்ப் போய், விட்டவர் அந்தரத்தில் தொங்குவார். இறங்கி வருவதற்குள் வெளுத்து வாங்கலாம். இருப்பதிலேயே பெரிய லாபம் அதுதான். ஆனால் ஒடுங்கி எழுகிறவர் முன்னால் சும்மா நின்றால் ஒன்றும் கிடைக்காது. வந்த வாய்ப்பு போச்சு.

சரியாகப் போனால் எவ்வளவு கிடைக்கும், தப்பிப்போனால் எவ்வளவு போகும் என்ற கணக்கு பல்லுவுக்குத் தலைகீழாகப் பாடம். கணக்கில் அவள் கெட்டி. ஆனால் அந்த நொடி வந்ததும் அவள் நின்றுவிடுவாள். பாயமாட்டாள். லேபில் பல்செட்டைத் தேய்க்கும்போது ஒரு மயிரிழை குறைவாகத்தான் தேய்ப்பாள். தேய்த்ததைத் திரும்ப ஒட்டமுடியாது. அச்சில் வைத்துப் பார்த்து, எங்கே உரசுகிறது என்று காட்டும் நீலத்தாளைக் கடிக்கவைத்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் தேய்ப்பாள். பன்னிரண்டு வருஷம் அப்படியே பழகிய கை. அது விளையாட்டில் மட்டும் எப்படித் துணியும்? எதிராளிகளுக்கும் இது தெரிந்துபோயிற்று. பல்லு பாயமாட்டாள், ஒடுங்கி எழுந்தால் போதும், ஒரு சேதாரமும் இல்லை.

"உங்க கூட ஆடுறது சிக்னல்ல நிக்கிற மாதிரி அண்ணி" என்பாள் குண்டூசி. "பச்சை எப்ப விழும்னு ஊருக்கே தெரியும்."

துணிந்து மாற்றிப் பார்த்தாள். ஒருநாள் தொடர்ந்து பாய்ந்தாள். குண்டூசி தொடர்ந்து எழுகுத்து விட்டாள். ஒன்றுவிட்டு ஒன்று பாய்ந்தாள். அதையும் குண்டூசி அரை மணியில் கண்டுபிடித்துவிட்டாள். இவள் எதை நினைக்கப்போகிறாள் என்று பக்கத்தில் இருப்பவளுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது.

வழி சொன்னது அவள் கணவன். லிஃப்ட் மெக்கானிக். ஆட்டம் சுமாராகத்தான் ஆடுவான். ஆனால் பார்ப்பதில் கில்லாடி. வேலையிலிருந்து வந்து கை கிரீஸைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக்கொண்டே, அவள் புலம்பலைக் கேட்டுவிட்டுச் சொன்னான்.

"முடிவு உன்னுதா இருக்கிற வரைக்கும் அவ கண்டுபிடிப்பா. முடிவை வேற யார்கிட்டயாவது குடுத்துடு."

"யார்கிட்டங்க?"

"மேல கடிகாரம் ஓடுதில்ல? எதிராளி விழுந்த உடனே கடைசி எண்ணைப் பாரு. ஒற்றைப்படைன்னா பாஞ்சிடு. இரட்டைப்படைன்னா நில்லு. யோசிக்காத. உனக்கே தெரியாததை அவ எப்படிக் கண்டுபிடிப்பா?"

பைத்தியக்காரத்தனமாக இருந்தது. பன்னிரண்டு வருஷக் கணக்கையும் ஒரு எண்ணிடம் அடமானம் வைப்பதா என்றாள். வைத்துப் பார் என்றான். யாரிடமும் மூச்சு விடாதே, முக்கியமாக என் தங்கையிடம் என்றும் சொன்னான்.

வைத்துப் பார்த்தாள். அதற்குப் பிறகு நடந்தது எதுவும் அவளுக்கு விளங்கவில்லை. வரிசையாக ஜெயித்தாள். ஏன் பாய்ந்தோம் என்று தெரியாமல் பாய்ந்தாள், பிடி விழுந்தது. ஏன் நின்றோம் என்று தெரியாமல் நின்றாள், எதிராளி அந்தரத்தில் தொங்கினான். கூடத்துக்காரர் மைக்கில் அவளுடைய துணிச்சலைப் புகழ்ந்தார், பொறுமையைப் புகழ்ந்தார், எதிராளியின் மனதுக்குள் புகுந்து பார்க்கும் திறமையைப் புகழ்ந்தார். அவள் பார்த்ததெல்லாம் ஓர் எண்ணின் கடைசி இலக்கத்தை. பாராட்டை யார் சார்பில் வாங்கிக்கொள்வது என்றுகூடத் தெரியாமல் தலையாட்டினாள்.

தேர்வுப் போட்டி ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முதல் நாள் சாயங்காலம் அவள் துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனபோது, தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் அண்ணனும் தங்கையும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். குண்டூசியின் மூக்கு சிவந்திருந்தது. இவளைக் கண்டதும் பேச்சு நின்றது. அவன் அவசரமாகக் கொடியிலிருந்து ஒரு தலையணை உறையை எடுத்து மடித்தான். கல்யாணமான நாளிலிருந்து அவன் தலையணை உறை மடித்து அவள் பார்த்ததில்லை.

காலையில் நடந்த ஆட்டங்களில் அவளும் ஜெயித்தாள், குண்டூசியும் ஜெயித்தாள். மதியம் இறுதி ஆட்டம் இருவருக்கும். முதலில் மூன்று ஆட்டம் எடுப்பவருக்கு நாற்காலி. அண்ணன், கணவன் என்ற இரண்டு பதவியும் ஒரே ஆளுக்கு வாய்த்துவிட்டதால், இன்று யாருக்காகவும் வாயைத் திறக்கப்போவதில்லை என்று காலையிலேயே அறிவித்துவிட்டு அவன் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

முதல் ஆட்டம் பல்லுவுக்கு. இரண்டாவதும் பல்லுவுக்கு. குண்டூசி ஒடுங்கியபோதெல்லாம் பிடி விழுந்தது; சரி என்று எழுகுத்து விட்டால் எதிரில் ஒரு சுவர் நின்றது. அவள் திரும்பி அண்ணியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன அண்ணி, புதுசா ஏதாவது டானிக் குடிக்கறீங்களா?"

பல்லு திரையைப் பார்த்தாள். இன்னும் ஒரே ஆட்டம். நாற்காலி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

இடைவேளை விட்டார்கள். குண்டூசி எழுந்து தண்ணீர் கேனிடம் போனாள். அங்கே ஏற்கெனவே அவள் அண்ணன் டம்ளரோடு நின்றிருந்தான். இருவரும் ஏதோ பேசினார்கள். ஒரு வாக்கியம் இருக்கும், அல்லது இரண்டு. வாயைத் திறக்கமாட்டேன் என்று சொன்னவன் வாய் திறந்ததை இங்கிருந்தே பார்த்தாள். என்ன பேசினான் என்பது கீழே அலறிய இயந்திரத்தில் கேட்கவில்லை.

மூன்றாவது ஆட்டத்தில் எல்லாம் மாறியது.

குண்டூசி விழுந்தாள். எண் ஏழு. பல்லு பாய்ந்தாள். எழுகுத்து அவள் தாடையில் இறங்கியது. அடுத்த முறை எண் நான்கு. நின்றாள். குண்டூசி சமர்த்தாக ஒடுங்கி எழுந்து விலகிப்போனாள். மறுபடி ஒற்றைப்படை, மறுபடி எழுகுத்து. மறுபடி இரட்டைப்படை, மறுபடி ஒடுக்கம். ஒன்றுகூடத் தவறவில்லை. மூன்றாவது ஆட்டம் போனது. நான்காவதிலும் அதே கதை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கடிகாரம் திரையின் நடுவில் இருக்கிறது. அது அவளுக்கு மட்டும் தெரிகிற கடிகாரமில்லை. ஒற்றைப்படை, இரட்டைப்படை என்ற சங்கதி ஒன்று மட்டும் தெரிந்துவிட்டால், பக்கத்தில் இருப்பவள் அவளைப் புத்தகம் மாதிரி வாசித்துவிடலாம். அதைத் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒன்று அவள்.

திரும்பிப் பார்த்தாள். அவன் பின்வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முகத்தில் ஒன்றுமில்லை. எப்போதும் இருக்கிற முகம்தான். ஆனால் அதையே பார்த்துக்கொண்டிருந்தால் குற்றமுள்ள முகமாகவும் தெரிந்தது, குற்றமே இல்லாத முகமாகவும் தெரிந்தது.

இரண்டுக்கு இரண்டு. கடைசி ஆட்டம் தொடங்கியது.

விழுகிற நேரம் வராமலே இழுத்தடித்தாள். தூரத்தில் நின்று உதைத்தாள், பின்வாங்கினாள், கொஞ்சம் வாங்கினாள், கொஞ்சம் கொடுத்தாள். இருவருடைய உயிர்க்கோடுகளும் நகக்கணு அளவுக்குத் தேய்ந்தன. குண்டூசியுடையது ஒரு நூல் அதிகம். அப்படியே நேரம் முடிந்தால் நாற்காலி அவளுக்கு. இனி பட்டால் ஒரே அடி, யாராக இருந்தாலும் முடிந்தது. கூடத்துக்காரர் மைக்கை வாயிலேயே வைத்துக்கொண்டு பேச மறந்தார். அந்த நேரத்தில் பல்லுவின் கால் ஒன்று தாழ்வாகச் சுழன்று குண்டூசியின் காலை வாரியது.

குண்டூசி விழுந்தாள்.

கடிகாரத்தில் எண் ஒன்பது. ஒற்றைப்படை. பாய வேண்டும். கை தயாராகி, உடம்பு முழுக்க முறுக்கேறியது.

எழ எடுத்துக்கொள்ளும் அந்தச் சொற்ப நேரத்துக்குள், சொன்னால் பத்து நிமிஷம் ஆகிற அளவுக்கு அவளுக்குள் ஓடியது. அவன் சொல்லியிருந்தால், இவளுக்கு ஒன்பது என்றால் பாய்ச்சல் என்று தெரியும், எழுகுத்து வரும், நான் நிற்க வேண்டும். அவன் சொல்லாதிருந்தால், இவள் நூலளவு முன்னிலையில் இருப்பவள், ஒடுங்கிக்கொண்டு நேரத்தைக் கடத்துவாள், நான் பாய வேண்டும். இவள் எழுகுத்து விடுவாளா என்பதல்ல கேள்வி. அவன் சொல்லியிருப்பானா? அதுதான் கேள்வி. மாடியில் சிவந்திருந்த மூக்கு. மடித்த தலையணை உறை. தண்ணீர் கேன். இன்னொரு பக்கம் ஒன்பது வருஷ வாழ்க்கை. எது கனம்? பெருக்கிக் கழித்துப் பார்க்க அங்கே எண்களே இல்லை.

நின்றாள்.

குண்டூசியின் எழுகுத்து அவளுடைய தற்காப்பில் மோதிச் சிதறியது. சின்ன உருவம் அந்தரத்தில், கைகள் விரிய, ஒன்றும் செய்ய முடியாமல் தொங்கியது. பல்லுவின் விரல்கள் தாமாகவே செய்ய வேண்டியதைச் செய்தன.

கூடம் எழுந்து கத்தியது. யாரோ அவள் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். நான்காவது நாற்காலி பல்லுவுக்கு என்று கூடத்துக்காரர் மூன்று தடவை அறிவித்தார். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. வந்தது வேறு. எழுகுத்து வந்தது. அப்படியென்றால் சொல்லியிருக்கிறான். ஜெயித்ததே அதற்குச் சாட்சி.

சந்தடி அடங்கும்வரை காத்திருந்து, இன்னும் சீட்டிலேயே உட்கார்ந்திருந்த குண்டூசியிடம் குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

"உங்கண்ணன் சொன்னாரா?"

"என்னத்தை?"

"கேன் கிட்ட. தண்ணி குடிக்கறப்போ."

"தண்ணி தீரப்போகுது, கேனைச் சாய்ச்சுப் பிடின்னு சொன்னான். ஏன் அண்ணி?"

அவள் முகத்தில் கள்ளம் இருக்கிறதா என்று பல்லு தேடினாள். நிஜமாகவே விழித்துக்கொண்டுதான் இருந்தாள். அப்படியானால் எப்படி ஒவ்வொரு தடவையும் சரியாக எழுகுத்து விட்டாய் என்று கேட்டாள். குண்டூசி சட்டையின் ஓரத்தைச் சற்றுத் தூக்கி விலாவைக் காட்டினாள். தோல் கன்றிச் சிவந்திருந்தது.

"உங்க முழங்கை அண்ணி. நீங்க பாயப் போறப்போல்லாம் அது வெளிய வந்து என்னை இடிக்குது. ரெண்டாவது ஆட்டம் முடியறப்போதான் பிடிச்சேன். இடிச்சா குத்து, இடிக்கலைன்னா ஒடுங்கு. அவ்வளவுதான்."

பல்லு தன் முழங்கையைப் பார்த்தாள். இத்தனை வருஷம் பாயாமலே ஆடியதால், பாயும்போது தன் முழங்கை என்ன செய்யும் என்று அவளுக்கே தெரிந்திருக்கவில்லை. மற்ற எதிராளிகள் மரியாதைக்குச் சற்றுத் தள்ளி உட்காருவார்கள். வீட்டு ஆள் ஒருத்திதான் இப்படி ஒட்டி உட்காருவாள்.

"ஆனா கடைசியா ஒரு வேலை பண்ணீங்களே" என்றாள் குண்டூசி, தோற்ற வருத்தத்தையும் மீறி. "முழங்கை வந்துச்சு. நல்லா இடிச்சுது. நான் குத்திட்டேன். நீங்க பாயவே இல்ல. வேணும்னே இடிச்சீங்களா?"

பக்கத்தில் நின்ற கூடத்துக்காரருக்கு இதற்கு மேல் தாங்கவில்லை. முழங்கையாலேயே பொய் சொல்லி நாற்காலி வாங்கிய முதல் ஆட்டக்காரி என்று மைக்கில் முழங்கினார். நாலு ஆட்டமாகப் பொறுமையாக இடித்து இடித்து நம்பவைத்து, ஐந்தாவதில் கவிழ்த்தாள் என்றார். அப்படியும் இருக்கலாம் என்றுதான் எல்லோருக்கும் பட்டது. இல்லை என்று சொல்ல பல்லு வாயெடுத்தாள். இல்லையென்றால் பிறகு என்ன என்று கேட்பார்களே. மூடிக்கொண்டாள்.

படியிறங்கி வந்தார்கள். குண்டூசி வேனை எடுத்துவர முன்னால் போய்விட்டாள். டயர்கள் அடுக்கிய சுவரோரம் கணவனும் மனைவியும் நின்றார்கள். அவன் சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தான்.

"மேல எல்லாரும் என்னென்னமோ சொல்றாங்க. எனக்கு ஒண்ணுதான் புரியல. எண் ஒன்பது. நான் பாத்தேன். நீ ஏன் பாயல?"

கூடத்திலேயே அதைக் கேட்கத் தெரிந்த ஒரே ஆள் அவன்தான்.

முழங்கை ஏமாற்று வேலை என்று சொல்லிவிடலாம். நம்புவான், பெருமையாக நாலு பேரிடம் சொல்லுவான். எண் சரியாகத் தெரியவில்லை, எட்டு என்று நினைத்துவிட்டேன் என்றும் சொல்லலாம். அதில் யாருக்கும் சேதாரமில்லை. உண்மையைச் சொன்னால் என்ன கிடைக்கும் என்று பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. என்ன போகும் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது. அவள் கணக்குப்படி அது பாயக்கூடாத இடம்.

"நீங்க அவகிட்ட சொல்லிட்டீங்கன்னு நினைச்சேன்" என்றாள்.

அவனுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பு நின்றது. கடைப் பணியாளர் ஒருவர் லாரி டயர் ஒன்றை உருட்டிக்கொண்டு இருவருக்கும் நடுவில் புகுந்து போனார். டயர் போய் முடியும்வரை இருவரும் அதையே பார்த்தார்கள்.

"அப்போ என்னை நம்பியிருந்தா தோத்திருப்ப" என்றான்.

"ஆமாங்க."

"நம்பாததுனால ஜெயிச்ச."

"ஆமாம் போலத்தான் இருக்கு."

"இதுக்கு நான் கோவப்படணுமா, சந்தோஷப்படணுமா?"

அவன் கொஞ்ச நேரம் செருப்பால் தரையில் கிடந்த ஒரு நட்டை முன்னும் பின்னும் தள்ளினான். பிறகு அவளைப் பார்க்காமலே சொன்னான்.

"நேத்து மாடில அழுதா. துண்டு பிடிச்சுக்கிட்டு நிக்க என்னால முடியாது அண்ணான்னு சொன்னா. ரெண்டு தடவை வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல. ஆனா வந்துச்சு."

அவளுக்கு அதைக் கேட்டு நிம்மதி வந்தது. நிம்மதி வந்ததைப் பார்த்து வெட்கம் வந்தது. பிறகு கோபமும் வந்தது. வாய் வரைக்கும் வந்ததைப் பாய்ச்சலில் சேர்ப்பதா, நின்றதில் சேர்ப்பதா? தான் சந்தேகப்பட்டது தப்பு. ஆனால் முழுத் தப்பு இல்லை. தப்பான காரணத்துக்காகச் சரியான பட்டனை அழுத்தியிருக்கிறாள். இல்லை, அழுத்தாமல் இருந்திருக்கிறாள். காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது தான் எதைப் பணயம் வைக்கப்போகிறோம் என்று கேட்டிருந்தால் ஒரு நாற்காலி என்று சொல்லியிருப்பாள். அதைவிடப் பெரிதாக ஒன்றை அந்த நொடியில் தூக்கி வைத்திருக்கிறாள், யாரையும் கேட்காமல். நாற்காலி கிடைத்தது. வைத்தது திரும்பி வந்துவிட்டதா, இல்லை பாதிதான் வந்ததா?

வேன் வந்து நின்றது. வழக்கமாக முன் சீட்டில் தங்கை பக்கத்தில் உட்காருகிறவன், இன்று பின்கதவைத் திறந்து ஏறி, பள்ளிப் பிள்ளைகளுக்கான குட்டைச் சீட்டில் முழங்கால்கள் முகவாயில் இடிக்க உட்கார்ந்துகொண்டான். அவள் முன்னால் ஏறினாள்.

குண்டூசிக்கு வருத்தம் பாதி தீர்ந்திருந்தது. அவள் அப்படித்தான், எதையும் நாள் முழுக்கச் சுமக்கமாட்டாள். சனிக்கிழமை முதல் லீக் ஆட்டம் என்று ஞாபகப்படுத்தினாள். துண்டை நீட்டுவேன், ஆனால் துவைத்துத் தரமாட்டேன் என்றாள். கூடத்தில் நடந்தது இதற்குள் மற்ற அணிகளுக்கெல்லாம் போயிருக்கும் என்றாள்.

"இனிமே உங்க முழங்கையை ஒருத்தரும் நம்பப்போறதில்ல அண்ணி. இடிச்சாலும் நம்பமாட்டாங்க, இடிக்கலைன்னாலும் நம்பமாட்டாங்க."

"என்னையும்தான்" என்றது பின்சீட்டிலிருந்து ஒரு குரல்.

பல்லு திரும்பினாள். விளையாட்டாகச் சொன்னானா, வலித்துச் சொன்னானா என்று பார்த்தாள். முழங்கால்களுக்கு மேலே பாதி முகம்தான் தெரிந்தது. அந்தப் பாதியை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை.

அடுத்த சிக்னலில் வண்டி நின்றதும், அவள் கதவைத் திறந்து இறங்கி, பின்பக்கமாக ஏறி, அவன் பக்கத்திலிருந்த குட்டைச் சீட்டில் தன்னை நுழைத்துக்கொண்டாள். குண்டூசி கண்ணாடியில் பார்த்துவிட்டு, நான் டிரைவர் மட்டும்தானா என்று முனகியபடி வண்டியை எடுத்தாள். அவன் சற்று நகர்ந்து இடம் கொடுத்தான். கோபம் குறைந்து நகர்ந்தானா, இடம் போதாமல் நகர்ந்தானா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கலாமா என்று யோசித்தாள். கேட்காமல் இருக்கலாமா என்றும் யோசித்தாள். யோசித்து முடிப்பதற்குள் அவளுடைய முழங்கை அவன் விலாவில் இடித்தது.